எட்டு-ஏழு நோட்டு: முதல் புத்தகம் நிரம்பியது

போக்கரில் கைக்கு வரும் இரண்டு சீட்டும் எட்டும் ஏழுமாக இருந்தால் என்ன ஆகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வந்தேன். போன ஞாயிறு ராத்திரி ஏற்காட்டில் அதன் கடைசிக் கோட்டைப் போட்டேன். சூட்டட் (இரண்டும் ஒரே சின்னம்) எட்டு-ஏழு, பட்டனில் (கடைசியில் முடிவு சொல்லும் இடம்) நான், ரிவர் (நடுவில் திறக்கும் ஐந்தாவது, கடைசிச் சீட்டு) வரை போய் பாட்டை (நடுவில் சேர்ந்த சிப்ஸ் வில்லைகளை) அள்ளினேன். சந்தோஷம் தாங்கவில்லை. "அதெல்லாம் ஒரு கையா?" என்று இத்தனை நாள் கேட்டவர்களுக்கு எடுத்துக் காட்ட இப்போது என்னிடம் கணக்கு இருக்கிறது.

பிடித்த கை என்று ஒன்று இல்லாத போக்கர் ஆட்டக்காரரை நான் பார்த்ததில்லை. எனக்கு எட்டு-ஏழு. இரண்டும் கிளாவரில் வந்தால் நெஞ்சு படபடக்கும், ஏஸ் ஜோடிக்குக்கூட அப்படி இருக்காது. காரணமெல்லாம் கிடையாது, பிடிக்கும், அவ்வளவுதான்.

எங்கள் மேசையில் ஆறு பேர். காசு வைப்பதில்லை. கடைசியில் சிப்ஸ் குறைவாக வைத்திருப்பவர் அடுத்த வாரம் எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கித் தர வேண்டும். வழக்கமாகச் சேலம் அஸ்தம்பட்டியில் ஆடுவோம். மாதம் ஒரு ஞாயிறு மட்டும் எஸ்டேட் தம்பி வீட்டுக்கு மலை ஏறுவோம். இருபதாவது கொண்டை ஊசி வளைவு தாண்டும் வரை காருக்குள் சீட்டுப் பேச்சு எடுக்கக் கூடாது என்பது தம்பி போட்ட சட்டம். எல்லோரும் மதிக்கிறோம்.

பிடித்த கையைச் சோதிக்கக் கிளம்பினால் முதல் தடை, அது கைக்கு வரவே வராது. கட்டிலிருந்து இரண்டு சீட்டாக எடுத்தால் மொத்தம் 1,326 ஜதைகள். அதில் கிளாவர் எட்டும் கிளாவர் ஏழும் சேர்ந்தது ஒன்றே ஒன்று. பேச்சும் டீயும் போக மணிக்கு 25 கை ஓடினால் எங்களுக்குப் பெரிய விஷயம். அப்படியானால் சராசரியாக 53 மணி நேர ஆட்டத்துக்கு ஒரு முறைதான் அது வரும். "போன தடவை வந்தப்போ ஜெயிச்சேனே" என்று ஒருவர் சொன்னால், அந்தப் போன தடவை எந்தக் காலத்திலோ! அதனால் எந்தச் சின்னமாக இருந்தாலும் சூட்டட் எல்லாம் ஒரு கணக்கு, ஆஃப்சூட் (சின்னம் வேறு வேறு) தனிக் கணக்கு என்று பிரித்தேன். சூட்டட் சுமார் 331 கைக்கு ஒன்று. ஆஃப்சூட்டையும் சேர்த்தால் 83 கைக்கு ஒன்று. கிளாவர் என்றால் மட்டும் பக்கத்தில் ஒரு புள்ளி.

இனி நான் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்ட இடம்: எப்போது எழுதுவது?

ஜெயித்த கை யாருக்கும் மறக்காது. மடக்கிய கையில் ஒரு வகை மட்டும் மறக்காது. எட்டு-ஏழை ஃபோல்டு பண்ணியிருப்போம் (ஆடாமல் மடக்கியிருப்போம்), போர்டில், அதாவது நடுவில் திறக்கும் பொதுச் சீட்டுகளில், ஐந்து, ஆறு, ஒன்பது என்று வந்து விழும். அந்த வயிற்றெரிச்சல் வருஷக் கணக்கில் நிற்கும். ராஜா, ராணி, மூணு என்று வந்த ஃப்ளாப் (நடுவில் முதலில் திறக்கும் மூன்று சீட்டு) அடுத்த டீக்குள் மறந்துபோகும். கை முடிந்த பிறகு எழுதினால் இந்த ஓரவஞ்சனை அப்படியே நோட்டுக்குள் ஏறிவிடும். ஆகவே ஃப்ளாப் திறப்பதற்கு முன்னாலேயே எழுதியாக வேண்டும். ஆனால் எட்டு-ஏழு வந்தால் மட்டும் பென்சிலை எடுத்தால்? மேசையில் இருப்பவர்கள் சின்னப் பிள்ளைகளா? பென்சில் நகர்ந்ததுமே என் கை என்னவென்று ஐந்து பேருக்கும் தெரிந்துவிடும்.

கடைசியில் அமைந்த முறை இது. எல்லாக் கைக்கும் ஒரு கோடு போடுவேன். குப்பைக் கைக்கும் கோடு, ஏஸ் ஜோடிக்கும் கோடு. எல்லாம் நேர்க்கோடு. எட்டு-ஏழு என்றால் இடப்பக்கம் லேசாகச் சாயும். சூட்டட் என்றால் கோட்டின் அடியில் பென்சிலை அழுத்தி ஒரு பாதம். ஆடப்போகிறேன் என்றால் கோடு வரிக்கு மேலே தொடங்கும், மடக்கப்போகிறேன் என்றால் வரிக்குக் கீழே. ஆறு பேர் மேசை, அதனால் ஒரு வரிக்கு ஆறு கோடு. பிக் பிளைண்டில் (சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகச் சிப்ஸ் வைக்கும் இரண்டு பிளைண்ட் இடங்களில் பெரியது) வரியைத் தொடங்குவேன். எத்தனையாவது கோடு என்று பார்த்தாலே எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன் என்று தெரிந்துவிடும், தனியாக எழுதத் தேவையே இல்லை. எதிரில் இருப்பவர் எட்டிப் பார்த்தாலும் கோடு கோடாகத்தான் தெரியும். வந்த சிப்ஸ், போன சிப்ஸ் மட்டும் கை முடிந்த பிறகு ஓரத்தில் சேரும். சின்னக்கடை வீதியில் வாங்கிய பாக்கெட் டைரி, மழுங்கிய பென்சில், இவ்வளவுதான் கருவி. பேனா வேண்டாம். மலையில் பனி இறங்கும்போது தாள் ஈரமேறி மை ஊறுகிறது, பாதம் எது கறை எது என்று தெரிவதில்லை.

இதோடு என் பழைய பழக்கம் ஒன்றும் கச்சிதமாகப் பொருந்தியது. என் முறை வரும் வரை சீட்டைத் தொட மாட்டேன். மேலே ஒரு வெள்ளைக்கல் துண்டு இருக்கும், நம்ம ஊர் மேக்னசைட்தான். 2004-ல் உலகப் போக்கர் தொடரை ஜெயித்த கிரெக் ரேமர் சீட்டு மேல் புதைபடிவக் கல்லை வைப்பார். எனக்கு வெள்ளைக்கல். அது இல்லாமல் ஆட உட்கார மாட்டேன். முறை வந்ததும் கல்லை நகர்த்தி, மூலையைத் தூக்கிப் பார்த்து, கோடு போட்டு, பிறகுதான் பேச்சு. மற்றவர்கள் தங்கள் சீட்டைப் பார்க்கும் நேரத்தில் நான் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ராசிக்காக ஆரம்பித்த பழக்கத்தில் எவ்வளவு ஆதாயம் பாருங்கள்.

இதே மாதிரி இன்னொன்று. எங்கள் மேசையில் மூத்தவர் ஜவ்வரிசி மாமா. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம், கட்டைத் தொட விட மாட்டார். ஆறு அடித்ததும் ஏழுமலையானை நினைத்துக்கொண்டு சரியாக ஏழு தடவை கலைப்பார், பாதிப் பாதியாகப் பிரித்து விரலால் உதிர்த்துக் கோர்க்கும் கலைப்பு. 1992-ல் டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரண்டு கணித அறிஞர்கள் ஆராய்ந்து சொன்னதும் இதேதான்: 52 சீட்டு நன்றாகக் கலைய இந்த முறையில் சுமார் ஏழு தடவை வேண்டும். மாமாவிடம் சொன்னேன். "பெருமாள் கணக்கு தப்புமா மாப்ள?" என்றார்.

அதே மாமா எட்டைத் தொட மாட்டார். எட்டு சனி எண், வண்டி நம்பரில்கூட வரக் கூடாது. கையில் ஒரு எட்டு இருந்தாலே ஃபோல்டு. அமெரிக்காவிலும் எட்டுக்குக் கெட்ட பெயர் உண்டு. 1876-ல் டெட்வுட் ஊரில் வைல்ட் பில் ஹிக்காக்கைச் சுட்டபோது அவர் கையில் கறுப்பு ஏஸும் எட்டும் இருந்ததாகச் சொல்லுவார்கள். இரண்டு சீட்டில் ஒரு எட்டாவது வருவது நூற்றுக்கு 15 கை. அதில் பெரும்பாலானவை எப்படியும் மடக்க வேண்டியவைதான், நஷ்டமில்லை. எட்டு ஜோடியை மடக்குவதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஏஸ்-ராஜாவுக்கு எதிராகக்கூட அது நூற்றுக்கு 55 தடவை ஜெயிக்கும் கை!

கொலுசுப் பட்டறை அண்ணனுக்குப் பத்து-ரெண்டு. டாயில் பிரன்சன் 1976, 1977 இரண்டு வருஷமும் உலகப் போக்கர் தொடரை ஜெயித்தபோது கடைசிக் கையை அதை வைத்துத்தான் முடித்தார். இரண்டு தடவையும் ஃப்ளாப்பில் பின்தங்கியிருந்து, டர்னில் (நாலாவது சீட்டு) ரெண்டு, ரிவரில் பத்து வந்து ஃபுல் ஹவுஸ் (ஒரே எண் மூன்று, இன்னொரு எண் இரண்டு). அண்ணன் அதை மனப்பாடமாகச் சொல்லுவார். பத்து-ரெண்டுக்கு அவரும் ஒரு நோட்டுப் போட வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

கணக்குக்கு வருகிறேன். ஃப்ளாப்புக்கு முன் முதலில் முடிவு சொல்ல வேண்டிய இரண்டு இடங்களில் ஆஃப்சூட் எட்டு-ஏழு சிப்ஸைத் தின்றிருக்கிறது. பிளைண்டில் கிட்டத்தட்ட சமம். பட்டனிலும் அதற்கு முந்தின இடத்திலும் சூட்டட் நன்றாகச் சம்பாதித்திருக்கிறது. அந்தச் சம்பாத்தியம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஃப்ளாப்பிலேயே ஸ்ட்ரெய்ட் (ஐந்தும் வரிசையாக) விழுவது நூற்றுக்கு 1.3, ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே சின்னம்) 0.8. அதை நம்பிப் பிழைக்க முடியாது. ஆனால் இன்னொரு சீட்டு வந்தால் ஃப்ளஷ் என்ற நிலை ஃப்ளாப்பில் அமைவது நூற்றுக்கு 11. அங்கே நான் பெட் வைக்க, மற்றவர்கள் மடக்கிவிட்டுப் போன பாட்டுகள்தான் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன. பொருந்தாமல் போனால் விட்டுவிட மனசும் வருகிறது. ஏஸ் ஜோடியை எதிர்த்துக்கூட சூட்டட் எட்டு-ஏழு நூற்றுக்கு 23 தடவை ஜெயிக்கும். எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது, பட்டனில் என் கை உருப்படியான கை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டுக்குக் காகிதக் கட்டு எடுத்துப் போகாதீர்கள். சாயங்காலம் ஏரிப் பக்கமிருந்து பனி ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சீட்டு உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. மாமாவின் ஏழு கலைப்பும் வீண், போன கையின் சீட்டுகள் சேர்ந்தே வருகின்றன. பிளாஸ்டிக் கட்டுத்தான் சரி. "நூறு சதவீதம் பிளாஸ்டிக்" என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்தது மேலே பூச்சு மட்டும் போட்ட காகிதம். மூலையை லேசாக வளைத்துப் பாருங்கள், மடிப்பு விழுந்தால் காகிதம், நிமிர்ந்துவிட்டால் பிளாஸ்டிக். பெரிய எண் அச்சிட்ட கட்டாகப் பார்த்து வாங்குங்கள், மாமா கண்ணாடியைத் தேடும் நேரம் மிச்சம்.

அடுத்த நோட்டு வாங்கியாயிற்று. அதில் எட்டு-ஏழோடு எட்டு ஜோடிக்கும் ஒரு கோட்டு வகை சேர்க்கிறேன், வலப்பக்கச் சாய்வு. நடுவில் டீலர் பட்டன் (பட்டன் இடம் யாருடையது என்று காட்டும் வில்லை) வேலை வேறு. செவ்வாய்ப்பேட்டையில் அண்ணன் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம் என்றிருக்கிறோம். வெள்ளி விற்கும் விலையில் முழு வெள்ளி நடக்காது, தாமிர வட்டில் வெள்ளி முலாம் போதும் என்று அண்ணன் சொல்கிறார். ஒரு பக்கம் மூன்று கிளாவர் இலை. மறுபக்கம் 8-7 என்று பொறிக்க எனக்கு ஆசை. "பொதுப் பொருள்ல எட்டு வேணாம் மாப்ள, ஏழு மட்டும் போடு" என்கிறார் மாமா. அவரும் பாதிச் செலவு தருகிறார், அதனால் அடுத்த ஞாயிறு பேசி முடிக்க வேண்டும். ஆறு மணிக்கு மேல்.