தலைகீழ்க் கூட்டுக்கான கொழுப்புக்கட்டி: மூன்றாவது வார்ப்பு உடையாமல் நிலைத்துவிட்டது

குளிர்காலப் பறவைகளுக்குத் தீனியாக வார்த்த கொழுப்புக்கட்டி, வாய் கீழ்நோக்கிய தீனிக்கூட்டில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பின்வளவில் பத்து நாளாகத் தொங்குகிறது, ஒரு துண்டுகூட உடைந்து விழவில்லை. இடையில் இரண்டு நாள் பிளஸ் 6 வரை ஏறி மழையும் பெய்தது. அடுத்த இரவே மைனஸ் 14. முதல் இரண்டு வார்ப்பும் சரியாக இப்படி இளகி உறைந்த நாட்களில்தான் பொடிந்து பனிக்குள் கொட்டின. இந்த முறை கட்டியின் அடிப்பக்கத்தில் மரங்கொத்தியின் அலகுக்குழிகள் மட்டும்தான். வெடிப்பு இல்லை.

தலைகீழ்க் கூடு எதற்கு என்று இங்கே பலருக்கும் சொல்லத் தேவையில்லை, கூட்டமாக வந்து தீனியை முடிக்கும் ஸ்டார்லிங் பறவைதான் காரணம். யூஜீன் ஷீஃபலின் என்பவர் 1890இல் நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கில் ஏறத்தாழ 60 பறவைகளையும், அடுத்த ஆண்டு இன்னும் 40ஐயும் திறந்துவிட்டதன் பலனை இந்தக் கண்டம் முழுக்க அனுபவிக்கிறது. சாதாரணக் கம்பிக்கூட்டில் வைத்த கட்டியை ஒரு கூட்டம் ஒரே நாளில் முடித்துவிடும். கூட்டின் வாய் கீழ்நோக்கி இருந்தால் ஸ்டார்லிங்கால் நெடுநேரம் தொங்க முடியாது. சிக்கடி, நட்ஹாட்ச் என்ற சின்னப் பறவைகள், டௌனி மரங்கொத்தி மூன்றுக்கும் அது பெரிய காரியமே இல்லை. ஒரு சில ஸ்டார்லிங் கீழிருந்து எம்பி ஒரு கொத்துக் கொத்திவிட்டு விழும். அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கலாம்.

கூடு எளிது. 20 சென்டிமீட்டர் சதுரச் சீடர் மரப்பலகை கூரை, 4 சென்டிமீட்டர் உயரத்தில் நான்கு பக்கமும் மரச்சட்டம், அடியில் 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள நாகம் பூசிய கம்பிவலை. கயிறு கூரையைத் துளைத்து வந்து சட்டத்தில் முடிய வேண்டும். அப்போதுதான் கூரையைக் கயிற்றோடு மேலே தள்ளிவிட்டு கட்டியை வைக்கலாம். கூட்டுக்கு நேர் கீழே கொப்போ வேலிக்கம்பியோ இருந்தால் முழு வேலையும் வீண். ஸ்டார்லிங் அதில் நின்றுகொண்டே சாப்பிடும்.

சிக்கல் கூட்டில் இல்லை, கட்டியில். நிமிர்ந்த கூட்டில் கட்டி உடைந்தாலும் துண்டு உள்ளேயே கிடக்கும். இதில் முழுப் பாரமும் வலைக்கண்களின் மேல் நிற்கிறது. ஒட்டாத எதுவும் கீழேதான் போகும். ஆகவே கொழுப்பு எப்படி உருக்கப்பட்டது, எந்தச் சூட்டில் மற்றவை கலக்கப்பட்டன என்ற இரண்டும் இங்கே வெளியே தெரிந்துவிடும்.

முதல் வார்ப்பு கெட்டது தண்ணீரால். மாட்டின் குண்டிக்காயை (சிறுநீரகத்தை) சுற்றியுள்ள கொழுப்புத்தான் வேண்டும், இறைச்சியோரக் கொழுப்பு உறைந்தாலும் பிசுபிசுக்கும். 2 கிலோ கொழுப்பைப் பாதி உறைந்த நிலையில் அரைத்து, அரை லீட்டர் தண்ணீர் விட்டு, மெல்லிய நெருப்பில் இரண்டு மணிநேரம் உருக்குவது வழக்கமான முறை. அதை வடித்து நேரே அச்சில் ஊற்றியதுதான் பிழை. வடித்த கொழுப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகளும் சவ்வுத் துணுக்குகளும் மிஞ்சும். நீர் உறையும்போது விரியும், இளகும்போது இடைவெளி விடும். நாலு தடவை உறைந்து இளகினால் கட்டி உள்ளிருந்தே பிளக்கும். சவ்வுத் துணுக்குகளால் சிக்கு வாடையும் சீக்கிரம் வரும்.

திருத்தம் இதுதான். வேட்டித்துணியில் வடித்து, பானையோடு ஓரிரவு குளிரில் விடுங்கள். காலையில் கொழுப்பு வட்டத் தட்டாகக் கழன்று வரும். அதன் அடியில் மண்ணிறக் களி ஒட்டியிருக்கும், அதைக் கத்தியால் முழுக்கச் சுரண்டி எறிய வேண்டும். பிறகு தண்ணீர் விடாமல் இரண்டாம் முறை உருக்கி மறுபடி துணியில் வடிப்பது. இப்போது வெப்பமானியை உள்ளே விட்டுவிட்டுப் பொறுமையாக நில்லுங்கள். நீர் இருக்கும்வரை சூடு 100ஐ ஒட்டியே நின்று சலசலக்கும். சத்தம் அடங்கி முள் 110க்கு ஏறினால் நீர் போய்விட்டது, அடுப்பை அணைக்கலாம். மூடி போடவே கூடாது, மூடியில் படியும் நீராவி திரும்பச் சொட்டும். 2 கிலோவில் ஒன்றரை கிலோவை ஒட்டிக் கிடைத்தால் நல்ல கொழுப்பு.

ஒரு எச்சரிக்கை. சவர்க்காரம் செய்பவர்கள் கொழுப்பை உப்புத்தண்ணீரில் சுத்தம் செய்யும் முறை நிறைய வீடியோக்களில் இருக்கிறது. அந்த உப்பு பறவைக்கு ஆகாது. சமைத்த இறைச்சியில் வடிந்த எண்ணெயும் அதே காரணத்தால் வேண்டாம்.

இரண்டாவது வார்ப்பில் கொழுப்பு பால்வெள்ளையாக, வாடையே இல்லாமல் வந்தது. ஆனாலும் கெட்டது. 70 டிகிரிச் சூட்டில் சோளக்குறுணலையும் கச்சானையும் (நிலக்கடலை) கொட்டியதால் எல்லாம் அடிக்கு இறங்கி, மேலே வெறும் கொழுப்புப் படை, கீழே வறண்ட குறுணல் படை என்று இரண்டு தளமாக உறைந்தது. அடித்தளம் இரண்டே நாளில் வலை வழியே உதிர்ந்தது. திருப்பி வைத்தாலும் பயனில்லை, இரண்டு படையும் சேரும் இடத்தில் பலகைபோல் பிளந்தது.

கலக்கும் பதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 60 டிகிரியிலிருந்து விடாமல் மரக்கரண்டியால் கிண்டிக்கொண்டே ஆறவிட வேண்டும். 48ஐ நெருங்கும்போது பானையின் ஓரம் மங்கும், 45இல் முழுவதும் பால்போலக் கலங்கி, கரண்டியிலிருந்து கூழ்போல் வழியும். அந்தப் பதத்தில் கொட்டினால் கச்சான் விழுந்த இடத்திலேயே நிற்கும். இதற்குக் கிடைப்பது நாலைந்து நிமிடம்தான். தவறவிட்டால் மறுபடி சூடாக்கி ஆறவிடுங்கள், கட்டிபட்டதை அப்படியே அச்சில் அமுக்காதீர்கள், உள்ளே காற்றறைகள் விழும். கலக்கும் பொருட்கள் அறைச்சூட்டில் இருக்கவேண்டும். ஃப்ரீஸரில் இருந்து எடுத்த கச்சானைப் போட்டால் அதைச் சுற்றிக் கொழுப்பு உடனே உறைந்து, ஒட்டாத முத்துகளாக உதிரும்.

ஒரு கட்டிக்கு அளவு: கொழுப்பு 180 கிராம், வறுத்து உடைத்த உப்பில்லாக் கச்சான் 60, பரும்படியான சோளக்குறுணல் 60, கோது நீக்கிய சூரியகாந்தி விதை 30. மொத்தம் 330 கிராம், 11 சென்டிமீட்டர் சதுர டப்பாவில் 3 சென்டிமீட்டர் உயரம் வரும். எடையில் பாதிக்குமேல் கொழுப்பு இருந்தே ஆகவேண்டும். நைசான சோளமாவோ ஓட்ஸ் மாவோ போட்டால் கொழுப்பை உறிஞ்சிப் புட்டுமாபோல் ஆகிவிடும். தினையும் போடாதீர்கள், வீட்டுக்குருவிக் கூட்டத்துக்கு அழைப்புக் கொடுத்ததாக முடியும். ஊற்றிய அச்சை நேரே மைனஸ் குளிரில் வைக்க வேண்டாம். வெளித்தோல் முதலில் உறைந்து சுருங்கி மயிரிழை வெடிப்பு விடும். அடுக்களை மேசையில் ஐந்து மணிநேரம், பிறகு குளிர்ப்பெட்டி.

அணிலுக்கு மிளகாய். பறவைக்குக் காரம் உறைக்காது, அணிலுக்கு நன்றாக உறைக்கும். கட்டிக்கு 10 கிராம். யாழ்ப்பாண வீடுகளில் மிளகாய்த்தூள் என்றால் மல்லியும் சீரகமும் சேர்த்து வறுத்த கறித்தூள். அது வேண்டாம், செத்தல் மிளகாயை மட்டும் தனியே அரைத்த தூள். கொழுப்போடு கலந்தால் மட்டுமே போடுங்கள். விதையின்மேல் உலர்வாகத் தூவினால் காற்றில் பறந்து கண்ணில் விழும், பறவையின் கண்ணிலும்தான். ரொறன்ரோவின் கறுப்பு அணில்கள் தனி இனமல்ல, சாம்பல் அணிலின் நிறபேதமே. பிடிவாதமும் அதே அளவு.

கொழுப்பு வாங்கும் இடம்: பேரங்காடியில் பொதி கட்டிய கொழுப்பு விலை அதிகம், பெரும்பாலும் ஓரக்கொழுப்பு. ஹலால் இறைச்சிக்கடையில் முதல்நாளே சொல்லிவைத்தால் குண்டிக்காய்க் கொழுப்பைத் தனியே எடுத்து வைப்பார்கள். அரைத்தும் தருவார்கள். வீட்டுக்குள் மாட்டிறைச்சி எடுக்காதவர்கள் ஆட்டின் குண்டிக்காய்க் கொழுப்பைப் பாவிக்கலாம், அதுவும் கெட்டியாகவே உறையும். தேங்காய் எண்ணெயில் வார்க்கலாமா என்ற கேள்வி நம்மவர்களிடம் அடிக்கடி வருகிறது. அது 24 டிகிரியில் உருகும். நல்ல குளிரில் நிற்கும், வசந்த வெயிலில் வழிந்து இறகில் ஒட்டும். எண்ணெய் பட்ட இறகு குளிரைத் தடுக்காது. கச்சானைத் தமிழ்க்கடையில் பச்சையாக வாங்கி வீட்டில் வறுப்பது மலிவு. பூஞ்சணம் பிடித்த பருப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறியுங்கள், அதன் நஞ்சு சின்ன உடலுக்குத் தாங்காது.

சிக்கடி 11 கிராம் பறவை. குளிரிரவில் உடல்சூட்டைப் பத்து டிகிரிக்கு மேல் இறக்கித்தான் கொழுப்பை மிச்சம் பிடிக்கிறது. டிசம்பர் கடைசியில் இங்கே பகல் ஒன்பது மணிநேரம்கூட இல்லை. ஆகவே கட்டி முடிந்தால் மாற்றுவது மறுநாள் மதியம் அல்ல, அன்று பொழுதுபடமுன். கூட்டை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்துத்தான் தொங்கவிட வேண்டும். யன்னலில் இருந்து தூரம் ஒரு மீட்டருக்குள் அல்லது பத்து மீட்டருக்கு அப்பால். இடைப்பட்ட தூரத்தில் பறவை வேகமெடுத்துக் கண்ணாடியில் மோதும். கண்ணாடியின் வெளிப்பக்கம் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளி ஒட்டினால் இன்னும் நல்லது.

தீனிக்கூட்டுக்கு வரும் பறவைகளை எண்ணும் கணக்கெடுப்பில் சேராதவர்கள் சேருங்கள். இப்போது வட அமெரிக்கா முழுக்க நடக்கும் ப்ராஜெக்ட் ஃபீடர்வாட்ச், 1976இல் ஒன்ராறியோவின் லோங் பொயின்ட் பறவை ஆய்வகத்தில்தான் தொடங்கியது. தலைகீழ்க் கூடு வைத்தபின் ஸ்டார்லிங் எண்ணிக்கை குறைந்ததை இரண்டு நாள் எண்ணிக்கையாகப் பதிந்து வைத்தால் அடுத்த ஆண்டு ஒப்பிட உதவும்.

இதே கொழுப்பில் மீதி 400 கிராம் இருக்கிறது. அடுத்தது மரத்துண்டுக் கூடு: 10 சென்டிமீட்டர் தடித்த, பட்டை உரிக்காத பேர்ச் மரத்துண்டு, 38 மில்லிமீட்டர் அகலத்தில் ஆறு குழி, ஒவ்வொன்றும் 4 சென்டிமீட்டர் ஆழம். நிற்கும் குச்சி செருகப் போவதில்லை, குச்சி இருந்தால் ஸ்டார்லிங் முதலில் வந்து உட்காரும். மூன்றாம் வார்ப்பின் உண்மையான சோதனை மார்ச் வெயில். தென்பக்கச் சுவரோடு ஒரு கட்டியும் நிழலில் ஒன்றும் தொங்கவிட்டு, எது முதலில் இளகுகிறது என்று அப்போது எழுதுகிறேன்.