தொடுதிரை ஸ்டீரியோவுக்குத் திருகுக் குமிழ் வைத்தாகிவிட்டது

காரில் ஒலியைக் கூட்டிக் குறைக்க நான் வைத்த குமிழ் வேலை செய்கிறது. மெதுவாகத் திருப்பினால் ஒரு கிளிக்குக்கு ஒரு படி, பிசகே இல்லை. வேகமாகத் திருப்பினால், கை நின்றதும் ஒலி மாறுவதும் நின்றுவிடுகிறது. இந்த இரண்டாவதைச் சாதிக்கத்தான் பாடாய்ப் பட்டேன். அதனால் பெருமையாகவே எழுதுகிறேன்.

வண்டி பழைய ஹேட்ச்பேக். ஸ்டியரிங்கில் பொத்தான்கள் கிடையாது. மாட்டியிருப்பது ஒன்பது அங்குல ஆண்ட்ராய்டு ஹெட் யூனிட், அதாவது தொடுதிரை ஸ்டீரியோ. திரை பளிச்சென்று இருக்கிறது, வரைபடமும் நன்றாகத் தெரிகிறது. ஆனால் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஓரத்தில் கடுகளவு தொடுபுள்ளிகள் மட்டுமே. விரலுக்கு அங்கே பிடிமானமே இல்லை. கண்தான் போய்த் தேட வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில், இருபுறமும் கன்டெய்னர் லாரிகள் நெருக்கும்போது, நடுவில் பைக்குகள் புகுந்து வரும்போது, எந்தக் கண்ணை எடுத்து அங்கே வைப்பது? 40 கி.மீ. வேகத்தில் இரண்டு நொடி என்பது 22 மீட்டர். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு பார்வை 2 நொடிக்கு மேல் போகக்கூடாது, ஒரு வேலைக்கு மொத்தம் 12 நொடிக்கு மேல் ஆகக்கூடாது என்கிறது. நம் சாலைக்கு அந்த 2 நொடியே மிக அதிகம்.

2022இல் ஸ்வீடனின் கார் இதழ் ஒன்று பல கார்களை 110 கி.மீ. வேகத்தில் ஓட்டி, எல்லாக் கார்களிலும் ஒரே நான்கு வேலைகளைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தது. பொத்தான்கள் நிறைந்த 2005ஆம் ஆண்டு வோல்வோவுக்கு 10 நொடி போதுமாக இருந்தது. மிக மோசமான தொடுதிரைக் காருக்கு 44.6 நொடி, அதற்குள் அந்தக் கார் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தது. கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் தரும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பும் 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தொட்டு உணரக்கூடிய பொத்தான் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று சொல்லிவிட்டது. அந்தப் பட்டியலில் ஒலிக்குமிழ் இல்லாதது எனக்குப் பெரும் ஏமாற்றம். வண்டி ஓட்டும்போது கை அதிகம் தேடுவது அதைத்தானே.

சரி, வேலைக்கு வருகிறேன். யூனிட்டின் பின்னால் வரும் கீ 1, கீ 2, கிரவுண்ட் வயர்கள் ஸ்டியரிங் பொத்தான்களுக்கானவை. கீ வயரில் இருக்கும் வோல்ட் அளவை வைத்துத்தான் எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்று யூனிட் அறிகிறது. என் யூனிட்டில் கீ 1 திறந்த நிலையில் 3.3 வோல்ட் காட்டுகிறது, உள்ளே 4.7 கிலோ ஓம் புல்-அப் (வயரை 3.3 வோல்ட்டோடு இணைக்கும் ரெசிஸ்டர்). அதற்கு 1, 2.2, 4.7, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தேர்ந்தெடுத்தேன். முறையே 0.58, 1.05, 1.65, 2.24 வோல்ட் கிடைக்கிறது. இடைவெளி தாராளமாக இருப்பதால் ஆல்டர்னேட்டர் இரைச்சல் புகுந்தாலும் ஒன்றை மற்றொன்றாக யூனிட் எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் யூனிட்டின் புல்-அப் வேறாக இருக்கலாம், அளந்துவிட்டு வாங்குங்கள். ரெசிஸ்டர்களை கிரவுண்டுடன் இணைக்க சுவிட்ச் போல வேலை செய்யும் 2என்7000 மாஸ்ஃபெட்கள், அவற்றை இயக்க ஆர்டுயினோ நானோ என்ற சிறு கணினிப் பலகை. கிரவுண்டை யூனிட்டின் சொந்த கிரவுண்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். பாடியில் திருகினால் அளவு ஆடும்.

தொல்லை எங்கே என்றால், நேரத்தில். யூனிட் ஒரு அழுத்தத்தை ஏற்க 40 மில்லி நொடியாவது பிடிக்க வேண்டும், பிறகு 30 மில்லி நொடி விட வேண்டும். அப்படியானால் நொடிக்கு 14 படிதான். குமிழோ ஒரு சுற்றுக்கு 20 கிளிக். கால் சுற்றைச் சட்டென்று திருப்பினால் 0.2 நொடியில் 5 கிளிக் வந்து விழுகிறது. அவற்றை வரிசையில் சேர்த்து ஒவ்வொன்றாக அனுப்பினால், கையை எடுத்த பிறகும் ஒலி தானாக ஏறிக்கொண்டே இருக்கிறது. ஏன் ஏறுகிறது என்று கண் உடனே திரைக்குப் போகிறது! எதைத் தவிர்க்க இந்த வேலையில் இறங்கினேனோ, அதுவே நடந்தது.

எனவே வரிசைக்கு இரண்டு விதிகள் வைத்தேன். குமிழ் 0.15 நொடி அசையாமல் இருந்தால் மிச்சமெல்லாம் அழிந்துவிட வேண்டும். திசை மாறினாலும் அக்கணமே அழிந்துவிட வேண்டும். வேகமான திருப்பலில் சில கிளிக்குகள் போகின்றன, போகட்டும். காதுக்குப் போதுமானது கிடைத்தால் கை நிற்கிறது, கை நின்றால் ஒலி மாறுவதும் நிற்கிறது.

மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தேன். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இடப்பக்கம் 0.2 நொடிக்குள் நான்கு கிளிக்குக்கு மேல் திருப்பினால் நேரே மியூட். பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போகும் ஆம்புலன்ஸ் பின்னால் வந்தால், படிப்படியாகக் குறைக்க யாருக்கு நேரம்? மியூட் ஆன பிறகு இடப்பக்கத் திருப்பல்களை நானோ கண்டுகொள்ளாது. வலப்பக்கம் ஒரு கிளிக் திருப்பினால் ஒலி மீளும். இன்னொரு மியூட் அழுத்தம் ஒலியைத் திறந்துவிடும் என்பதால், இந்த விதி இல்லாவிட்டால் பதற்றத்தில் இரண்டு முறை திருப்புகிறவருக்கு ஒலி திரும்ப வந்துவிடும்.

குமிழை கியர் கம்புக்கு முன்னால், இடது கை இயல்பாக விழும் இடத்தில் வைத்தேன். ஸ்டியரிங்கில் வைக்கலாமே என்றார்கள். ஏர்பேக் மூடியையும் அதன் சுருள் கேபிளையும் நான் தொட மாட்டேன், நீங்களும் தொடாதீர்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அக்கா ஓட்ட, நான் பக்கத்து இருக்கையில் அமர்ந்து அவள் கண்களையே கவனித்தேன். “அக்கா, கொஞ்சம் குறை” என்றபோது கை மட்டும் போனது. தேரடி தாண்டும்வரை ஒருமுறைகூட அவள் பார்வை கீழே இறங்கவில்லை. “இதை முன்பே செய்திருக்கலாமேடா” என்றாள்.

என்கோடர், அதாவது குமிழின் திருப்பலைக் கிளிக்குகளாக நானோவுக்குச் சொல்லும் பாகம், வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ரிச்சி தெருவில் கடைக்குக் கடை தரம் மாறுகிறது. பொட்டலத்தோடு வாங்காமல், ஒவ்வொன்றையும் விரலால் சுற்றிப் பார்த்து, கிளிக் அழுத்தமாக விழுவதை மட்டும் எடுங்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால், வண்டி நிறுத்த இடம் தேடும் அவஸ்தை இல்லை. குமிழின் தலைப்பகுதியைப் புதுப்பேட்டையில், கழற்றிப் போட்ட ஏசி கட்டுப்பாட்டுத் தகடு ஒன்றிலிருந்து எடுத்தேன். ரப்பர் பூச்சுடன் விளிம்பில் வரிகள் உள்ளது. வியர்த்த கையிலும் வழுக்காது.

கன்சோலுக்குள் வயர்களை இன்னும் கட்டவில்லை, இரவு விளக்குக்கான ஆரஞ்சு வயரும் தொங்குகிறது. ஆனால் மனம் அதற்குள் ஏஎஸ்5600 காந்த உணரிக்குப் (காந்தம் சுழல்வதை வைத்துத் திருப்பலை அளக்கும் சில்லு) போய்விட்டது. காசிமேட்டு உப்புக்காற்றில் இந்த என்கோடரின் உலோகத் தொடுமுனைகள் எத்தனை காலம் தாங்கும் என்ற கவலைதான் காரணம். அந்த உணரியில் தொடுமுனையே இல்லை. ஒரு சுற்றை 4096 பங்காகப் பிரித்துச் சொல்லும். ஆனால் கிளிக் உணர்வு அதில் கிடையாது, அது இல்லாத குமிழ் எனக்கு வேண்டாம். பழைய என்கோடரின் பற்சக்கரத் தகட்டை மட்டும் கழற்றி அதன் அச்சில் காந்தத்தை ஒட்டிப் பார்க்கப் போகிறேன்.