அமான்

இரவு பாத்திரம் கழுவிக்கொண்டே 1930களின் கிரேக்க இசைத்தட்டு ஒன்றைக் கேட்டேன். கரகரப்புக்கு நடுவே ஒரு பெண் 'அமான், அமான்' என்று இழுக்கிறாள். குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த ஒற்றைச் சொல்லை விட்டு நகரவே மாட்டேன் என்கிறாள்.

அது கிரேக்கச் சொல்லும் இல்லை. துருக்கி வழியாக வந்த அரபுச் சொல், இரக்கம் காட்டு என்று கெஞ்சுவது.

1922ல் துருக்கிக் கடற்கரை நகரான ஸ்மிர்னா (இன்றைய இஸ்மிர்) எரிந்தபோது கப்பலேறித் தப்பிய கிரேக்கர்கள், அடுத்த ஆண்டு கிரேக்கமும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொள்ளச் செய்த லோசான் ஒப்பந்தப்படி இடம் மாற்றப்பட்டவர்கள் என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிரேக்கம் வந்து சேர்ந்தார்கள், பலர் ஏதென்ஸை அடுத்த பிரேயஸ் துறைமுகத்தைச் சுற்றிக் குடிசை போட்டார்கள், இதைப் பாடினார்கள். உள்ளூர்க்காரர்கள் 'துருக்கி விதை' என்று ஏசினார்கள்.

அப்புறம் கிரேக்கச் சர்வாதிகாரி மெட்டாக்சாஸின் ஆட்சி இந்த அமான் பாட்டுகளுக்குத் தடையே போட்டது. ஊரை இழந்தவர்களிடம் அழும் மொழியையுமா பிடுங்குவது?

மறுபடி போட்டேன். அவள் மூச்சு வாங்கும் இடம் தெளிவாகக் கேட்கிறது.