மேசூன் சாயித்தைப் பாருங்கள்

"நான் குடித்திருக்கவில்லை, எனக்குப் பிரசவம் பார்த்த டாக்டர்தான் குடித்திருந்தார்." 2013-ல் டெட் (TED) என்ற சொற்பொழிவு மேடையில் ஆற்றிய உரையை, நடுங்கும் உடம்போடு இப்படித்தான் ஆரம்பிக்கிறார் நகைச்சுவைக் கலைஞர் மேசூன் சாயித். நியூ ஜெர்சிக்காரர், பாலஸ்தீன வம்சாவளி, பிறவியிலிருந்தே பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்பாட்டில் இல்லாத நிலை).

2003-ல் சக நகைச்சுவைக் கலைஞர் டீன் ஒபைதல்லாவுடன் சேர்ந்து நியூயார்க்கில் அரபு அமெரிக்க நகைச்சுவை விழாவைத் தொடங்கினார். இரட்டைக் கோபுரம் விழுந்து இரண்டே வருடம். அரபுப் பெயரைக் கேட்டாலே சந்தேகப்பட்ட காலத்தில், அதே ஊரில் மேடை போட்டுச் சிரிக்கவைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அந்த டெட் உரையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அவருடைய அப்பாவைப் பற்றிய இடம். மகளின் பாதங்களைத் தன் பாதங்கள்மேல் வைத்து நடந்தே அவளுக்கு நடை பழக்கியிருக்கிறார். ஹாலிவுட் காட்டிய முரட்டு அரபு ஆண்களில் இப்படி ஒரு அப்பாவை நான் பார்த்ததே இல்லை.  உரை கால் மணி நேரம்கூட இல்லை, அவசியம் பாருங்கள்.