சிவப்பு நாடா

பள்ளிக்கூட நினைவு மலர்க் குழுவினர் எங்கள் வகுப்புக் குழுப்படத்தை அனுப்பி, யார் யாரென்று பெயர் எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். பின்வரிசையில் ஒரு முகம் மட்டும் கலங்கியிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். படத்தைக் கண்டதும் எனக்கு முதலில் நினைவு வந்தவர் அதில் இல்லாத சித்திர மாஸ்டர்.

சித்திரத்தை நாங்கள் ஒரு பாடமாகவே மதித்ததில்லை. மாஸ்டர் ஒருநாள், ஏதோ சஞ்சிகையிலிருந்து வெட்டி மட்டையில் ஒட்டிய படமொன்றைக் கரும்பலகையில் சாய்த்து வைத்தார். ஒரே முகமுள்ள இரண்டு பெண்கள் கைகோத்து உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருக்கும் இதயம் வெளியே தெரிகிறது. பின்வாங்கில் ஒரே சிரிப்பு. மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1939 இல் வரைந்த ‘இரண்டு ஃப்ரீடாக்கள்’ அது.

“சிரித்து முடிந்ததா? சரி, இப்போது உடுப்பைப் பாருங்கள்” என்றார் மாஸ்டர்.

ஒருத்தி கழுத்துவரை மூடிய பழங்கால ஐரோப்பிய வெள்ளைக் கவுனில். மற்றவள் தென் மெக்சிகோவின் தெஹுவாந்தெபெக் பெண்களின் உடையில். ஒரு இதயத்திலிருந்து மற்றதற்கு மெல்லிய இரத்தக் குழாய் ஓடுகிறது. அறுந்த முனையைக் கவுன்காரி இடுக்கியால் நெரித்துப் பிடித்திருக்கிறாள். அப்படியும் வெள்ளைத் துணியில் சொட்டுகிறது.

“இதில் எது உண்மையான ஃப்ரீடா, சேர்?”

“இரத்தம் எவளுடையது என்று முதலில் சொல்லு.”

கேட்டவன் நான்தான். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஃப்ரீடாவின் தகப்பனார் ஜெர்மனியில் பிறந்து 1891 இல் மெக்சிகோவுக்குப் போன புகைப்படக்காரர், தாயார் மெக்சிகோக்காரர். தகப்பனார் எடுத்த படங்களைத் திருத்தவும் வர்ணம் தீட்டவும் மகள் சிறுவயதிலேயே பழகியிருக்கிறார். அவருடைய சுய உருவப்படங்களில் இருக்கும் அந்த இமைக்காத பார்வை, ஸ்டூடியோவில் மூச்சுப் பிடித்து நிற்பவர்களின் பார்வை என்றுதான் எனக்குத் தோன்றும். கனவையும் ஆழ்மனதையும் வரைந்த சர்ரியலிஸ்டுகள் அவரைத் தங்கள் ஆள் என்றார்கள். அவரோ, தான் வரைவது கனவை அல்ல, தன் வாழ்க்கையைத்தான் என்று மறுத்துவிட்டார். இன்னொரு வேடிக்கை: பிறந்தது 1907 இல்; 1910 என்று சொல்லிக்கொள்வார். அது மெக்சிகோப் புரட்சி தொடங்கிய வருடம். வயதைக் குறைக்க என்று நான் நம்பவில்லை.

இதெல்லாம் பிறகு வாசித்து அறிந்தவை. வெளிநாட்டுக்கு வந்து பல வருடம் கழித்து, நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் அவர் 1936 இல் வரைந்த குடும்ப ஓவியத்தைப் பார்த்தேன். துத்தநாகத் தகட்டில் தீட்டியது, உயரம் ஒரு அடிதான். வீட்டு முற்றத்தில் உடுப்பில்லாத சின்னப் பிள்ளையாக ஃப்ரீடா நிற்கிறார். கையில் சிவப்பு நாடா. அது மேலே போய்ப் பெற்றோரைத் தொட்டு, இரண்டாகப் பிரிந்து தாத்தா பாட்டிகளிடம் சேர்கிறது. பெற்றோர், கல்யாணப் படத்தில் நின்றபடியே நிற்கிறார்கள். தாய்வழியார் நிலத்துக்கு மேலே, தகப்பன்வழியார் கடலுக்கு மேலே. பட்டம் விடும் பிள்ளை நூலைப் பிடிப்பதுபோல அந்தச் சின்னக் கை, இறுக்கமே இல்லாமல். காவலாளி இரண்டு தரம் என்னைத் தாண்டிப் போனார். மாஸ்டர் பக்கத்தில் நின்றிருந்தால், முதலில் கையைப் பார் என்றிருப்பார்.

இனிக் குழுப்படம். அன்று ஆசிரியர்களுக்கு நாற்காலி போட்டார்கள். மாஸ்டர் தற்காலிகமாக வந்தவர் என்று அவருக்குப் போடவில்லை. அவர் கமராவுக்குப் பக்கத்தில், சோக்கட்டிக் கையைத் தட்டிக்கொண்டு நின்றார். “எல்லோரும் இங்கே பாருங்கள்” என்று படக்காரர் சொன்ன நேரத்தில் நான் மாஸ்டர் பக்கம் திரும்பிவிட்டேன்.

ஆகவே, பின்வரிசையில் இடமிருந்து நான்காவது, முகம் கலங்கியவன் நான். அந்த முகம் திரும்பியிருக்கும் திசையில், படத்தின் சட்டத்துக்கு வெளியே, சித்திர மாஸ்டர். பெயர்களை அச்சிடும்போது அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.