இங்கிலாந்தின் அச்சு உரிமச் சட்டங்கள்: தேர்வுக்கு நான் படித்த விதம்

முதுகலை வரலாற்றில் ஐரோப்பியத் தாளுக்குப் படித்தபோது, அச்சுத் தணிக்கைப் பகுதியை ஆண்டுவாரியாக மனப்பாடம் செய்யாமல், ஒவ்வொரு ஆணையையும் எடுத்துக்கொண்டு ‘இதனால் ஆதாயம் யாருக்கு?’ என்று கேட்டுக் குறிப்பெடுத்தேன். விடையில் வாதம் ஒன்று தானாக உருவாவதற்கு அதுவே உதவியது என்பதால், இதைப் படிப்பவர்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன்.

1557இல் மேரி அரசி அளித்த பட்டயத்தால் லண்டன் அச்சகத்தாரும் புத்தக வணிகரும் சேர்ந்த சங்கமான ஸ்டேஷனர்ஸ் கம்பெனி அச்சுத் தொழிலில் ஏறக்குறைய முழு உரிமையும், உரிமமற்ற அச்சகங்களைச் சோதனையிடும் அதிகாரமும் பெற்றது. அரசுக்கு இருந்த அச்சமும் வணிகர்களின் லாபமும் ஒன்றுசேர்ந்தது இங்கேதான். ஸ்டார் சேம்பர் என்ற அரச நீதிமன்றம் 1637இல் பிறப்பித்த ஆணை தலைமை அச்சகத்தாரை 20 பேராகவும், எழுத்து வார்ப்போரை 4 பேராகவும் குறுக்கியது. 1641இல் அந்த நீதிமன்றமே ஒழிந்தபின், 1643இல் நாடாளுமன்றம் அச்சிடும் முன் அனுமதி பெறும் உரிம முறையை மீண்டும் கொண்டுவந்ததற்கும் கம்பெனியின் முறையீடு ஒரு காரணம்.

மறுஆண்டு அதை எதிர்த்து ‘அரியோபாகிட்டிகா’ என்ற சிறுநூலை எழுதிய கவிஞர் மில்டனை வரம்பற்ற கருத்துரிமையின் காவலராக எழுதிவிட வேண்டாம். வெளியிடும் முன் தடுப்பதையே அவர் எதிர்த்தார். வெளியான பின் தண்டிப்பதை ஏற்றார், கத்தோலிக்க நூல்களுக்கு அந்தச் சலுகையைத் தரவுமில்லை.

முன் உரிமத்தைக் கட்டாயமாக்கிய 1662ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு, அச்சகத்தார் ஜான் ட்வின் வழக்கின் விசாரணைப் பதிவைத் தவறாமல் படியுங்கள். அரசின் அச்சு மேற்பார்வையாளர் ரோஜர் லெஸ்ட்ரேஞ்சின் ஆட்கள் விடியும் முன்னே கதவைத் தட்ட, ட்வின் கோத்து வைத்திருந்த எழுத்துகளைக் கலைக்கத் தொடங்கினார். முழுவதும் கலைப்பதற்குள் அவர்கள் உள்ளே நுழைந்துவிட்டனர். தான் அச்சிட்ட நூலை எழுதியவரின் பெயரைச் சொல்ல மறுத்த ட்வின் 1664இல் அரசத் துரோகக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டார். சட்டத்தின் கடுமையைப் பத்து வரிகளில் விவரிப்பதைவிட இந்த ஒரு வழக்கு அதிகம் சொல்லும்.

1695இல் சட்டம் காலாவதியானதைக் கருத்துரிமையின் வெற்றி என்று முடித்துவிடும் விடைகளே மிகுதி. காமன்ஸ் சபை முன்வைத்த காரணங்களோ கம்பெனியின் ஏகபோகம், இறக்குமதிப் புத்தகப் பொதிகள் துறைமுகத்தில் தேங்குவது, வீடுகளைச் சோதனையிடும் அதிகாரம் போன்ற நடைமுறைக் குறைகள். முன் உரிமம் போனாலும் அரசநிந்தை வழக்குகள் தொடர்ந்தன. 1712இல் செய்தித்தாள்கள் மீது முத்திரை வரியும் வந்தது. இடையில் 1710ஆம் ஆண்டுச் சட்டம் புதிய நூலை அச்சிடும் உரிமையை ஆசிரியருக்கு 14 ஆண்டுகள் அளித்தது. ‘ஆதாயம் யாருக்கு?’ என்ற அதே கேள்வியை அந்தச் சட்டத்தின் முன்னும் வைத்துப் பார்த்தால், கம்பெனி இழந்தது எது, புத்தக வணிகர் தக்கவைத்தது எது என்பது விளங்கும்.