புல்லுக்குக் காவல்

நவம்பர் கடைசியில் கொடிக்கம்பங்களைப் பிடுங்கி, குழிகளை மூடிவிட்டால் கோல்ஃப் மைதானத்தில் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கூட வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வேலையிழப்புக் காப்புப் பணத்தை நம்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள். டொரன்டோவுக்கு வடக்கே இருக்கும் அந்த மைதானத்தில் குளிர்காலத்துக்கென்று நிறுத்தப்பட்ட நான்கு பேரில் நானும் ஒருவன். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா கேட்டார்: "பனிக்குள் நின்று என்ன செய்கிறாய் தம்பி?"

"புல்லைப் பார்த்துக்கொள்கிறேன் அம்மா."

"மாட்டுக்கா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. வெங்காயத் தோட்டத்தில் அறுகை வேரோடு கிண்டி எறிந்தே இடுப்பொடிந்த குடும்பம் எங்களுடையது. அதே அறுகை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் காசு கொடுத்து வாங்கி, கோல்ஃப் மைதானங்களில் வளர்க்கிறார்கள் என்பதே இங்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஒன்டாரியோக் குளிரை அது தாங்காது. இங்கே குழியைச் சுற்றியுள்ள 'கிரீன்' பகுதியில் இருப்பது பென்ட்கிராஸ் என்ற மெல்லிய புல். அதற்குள் அழையா விருந்தாளியாகப் புகுந்து பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டது போவா என்ற களைப்புல். இரண்டையும் கோடையில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டி வைத்திருப்போம்.

குளிருக்கான ஆயத்தம் இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. நிலத்தடிக் குழாய்களில் தண்ணீர் நின்றால் உறைந்து, விரிந்து, குழாயைப் பிளந்துவிடும். பெரிய கம்ப்ரசரைப் பூட்டி நீர்த்தெளிப்பான்களை ஒவ்வொன்றாகத் திறந்து காற்றால் ஊதுவோம். முதலில் தண்ணீர் பீறிடும், பிறகு மூடுபனிபோல் நீர்த்தூசி, கடைசியில் வெறும் சீறல். அந்தச் சீறல் கேட்டால்தான் அடுத்த தெளிப்பானுக்கு நகரலாம். பின்னர் பனிப்பூஞ்சைக்கு மருந்தடிப்பார்கள். அழகுக்காக வளர்க்கும் வீட்டுப் புல்தரைக்கு இரசாயன மருந்தடிக்க 2009 முதல் ஒன்டாரியோவில் தடை இருக்கிறது. கோல்ஃப் மைதானங்களுக்கு நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. அது நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் சம்பளத்துக்கு நிற்பவன்.

முதல் பெரும் பனி டிசம்பரில் கொட்டியது. புல் மூச்சுத் திணறிச் செத்துவிடுமே என்ற பதற்றத்தில், யாரும் சொல்லாமலே சவளோடு போய் ஒன்பதாவது கிரீனில் பாதியை வழித்துவிட்டேன். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். பொறுப்பாளர் வந்து பார்த்தார். கத்தவில்லை. "தூங்குகிறவனின் போர்வையை எதற்கு உருவினாய்?" என்று கேட்டுவிட்டு, வழித்ததை எல்லாம் திரும்ப அள்ளிப் போட வைத்தார்.

பொலபொலவென்று விழும் பனிக்குள் காற்று நிறைந்திருக்கிறது. வெளியே மைனஸ் 20 என்றாலும் அதன் அடியில் மண் அவ்வளவு குளிர்வதில்லை. பகை பனியல்ல, பனிக்கட்டி. ஜனவரியில் இரண்டு நாள் மழை பெய்து, மூன்றாம் நாள் உறைந்தால் கிரீன்மேல் கண்ணாடிப் பாளம் படிந்துவிடும். புல் உறங்கினாலும் சுவாசிக்கிறது. பாளத்துக்கு அடியில் பிராணவாயு தீர்ந்து நச்சு வாயுக்கள் தேங்குகின்றன. போவா 45 முதல் 60 நாள்வரை தாக்குப்பிடிக்கும் என்பது எங்கள் கணக்கு. பென்ட்கிராஸ் அதைவிடக் கெட்டி, 90 நாளுக்குமேலும் கிடக்கும். ஆகவே பட்டறைச் சுவரில் பனிக்கட்டி படிந்த தேதியை எழுதி, நாட்களை எண்ணிக்கொண்டிருப்போம்.

அந்த நாட்களில் எனக்குப் பிடித்த இடம் அந்தப் பட்டறைதான். வெட்டும் இயந்திரங்களின் சுருள் அலகுகளைக் கழற்றிச் சாணை பிடிப்போம். கூர் சரியா என்று பார்க்க, அலகுக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே காகிதத் துண்டு ஒன்றைப் பிடித்துக் கையால் மெல்லச் சுழற்ற வேண்டும். கிழியாமல், கசங்காமல் 'சரக்' என்று வெட்டுப்பட வேண்டும். காகிதம் என் பொறுப்பு. ஸ்காபரோத் தமிழ்க் கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் வாரப் பத்திரிகைகளைக் கொண்டுபோவேன். முதல் நாள் கைக்கு வந்தது மரண அறிவித்தல் பக்கம். படத்தில் நெற்றி நிறையத் திருநீற்றோடு ஒரு முதியவர். மனம் வரவில்லை. அதை மடித்து வைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு வீடு விற்கும் முகவர்களின் விளம்பரங்களை எடுத்துக்கொண்டேன். பஞ்சமே இல்லை, பக்கம் பக்கமாக இருந்தார்கள்.

பிப்ரவரி கடைசியில் ஏழாவது கிரீனின் பள்ளமான மூலையில் நாள் கணக்கு 50ஐத் தாண்டியது. பாளத்தின் மேல் கறுப்பு மணலைத் தூவினோம், வெயிலை இழுத்து உருக்கட்டும் என்று. இரண்டு நாளில் தேன்கூடுபோல் பொத்தலானதும் உடைத்துப் பெயர்த்தோம். அழுகல் நாற்றம் முகத்தில் அடித்தது. பொறுப்பாளர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

புல்லில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க, ட்ரில்லில் வட்ட வாளைப் பூட்டி மூன்று கிரீன்களிலிருந்து உறைந்த மண்ணோடு புல்வில்லைகளை வெட்டியெடுத்து, சட்டிகளில் வைத்து, பட்டறை ஜன்னலோரம் தண்ணீர் விட்டோம். காலையில் வந்ததும் கோட்டைக் கழற்றுமுன் எல்லோரும் முதலில் பார்ப்பது அந்த ஜன்னலைத்தான். பத்து நாளில் இரண்டு சட்டிகளில் ஊசி முனைபோல் பச்சை எட்டிப் பார்த்தது. ஏழாம் எண் எழுதிய சட்டி வைக்கோல் நிறத்திலேயே நின்றது. இன்னும் ஒரு கிழமை பார்ப்போம் என்றேன். பார்த்தோம். வைக்கோல்தான்.

மே மாதம் அந்த மூலையைச் சுரண்டி, புதுப் புல்லைப் பாய்போல் விரித்து ஒட்டி, சுற்றிக் கயிறு கட்டினோம். மைதானம் திறந்த அன்று காலை முதலில் வந்த ஆட்டக்காரர் அந்தக் கயிற்றைத் தாண்டி நடந்துபோய்ப் பந்தை எடுத்தார்.